நொடிக்கு 1 சென்டிமீட்டர்... இதுவும் கார்தான் சார்!

புதுசாக ஒருத்தர் கார் வாங்கிவிட்டால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு?" இரண்டாவது கேள்வி, "என்ன ஸ்பீடு போகும்?" அவரும் பானெட்டைத் தட்டிக் கொடுத்தபடியே, "தஞ்சாவூர் பைபாஸ்ல நூறைத் தாண்டினேன் சார்... உள்ளே வச்சிருந்த காபி ஒரு சொட்டு சிந்தலை!" என்று அளப்பார். நாமும் நம்பின மாதிரி தலையாட்டுவோம்.

ஆனால், "எவ்வளவு மெதுவாகப் போகும்?" என்று கேட்டு வாங்குகிற கார் ஒன்று இருக்கிறது, தெரியுமோ? பெயர் 'ராக் கிராலர்'. பாறை மேல் ஊர்கிற வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ ஜீப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன அளவு வருமோ அந்த அளவு. ஒரு முழ நீளம், இரண்டரை மூன்று கிலோ எடை. கையில் ரிமோட். நாலு சக்கரமும் இழுக்கும். இதற்கு ரேஸ் உண்டு, பரிசு உண்டு. ஆனால் முதலில் வருகிறவனுக்குப் பரிசு இல்லை. கவிழாமல் வருகிறவனுக்குத்தான்!

என் அக்கா மகன் மன்னார்குடியில் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன்தான் எனக்கு இதை அறிமுகப்படுத்தியவன். சைனா பாகம் கொஞ்சம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொறுக்கியது கொஞ்சம், லேத் பட்டறையில் கெஞ்சிக் கடைந்து வாங்கியது கொஞ்சம் என்று ஒரு வண்டியைக் கோத்து வைத்திருக்கிறான். ஒரே ஒரு சிக்கல். ராக் கிராலர் இருக்கிறது... ராக்குக்கு எங்கே போவது?

மன்னார்குடிக்கும் பாறைக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. காவிரி பல ஆயிரம் வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி. தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் தண்ணீர். ராஜகோபாலசுவாமி கோயிலில் இருக்கிற கருங்கல் முழுக்க வெளியூரிலிருந்து வண்டியேறி வந்ததுதான். ஆகவே பையன் கொல்லையில் காளவாய்ச் செங்கல் துண்டு, தென்னங்கட்டை, உடைந்த உரல் எல்லாவற்றையும் குவித்து ஒரு 'மலை' கட்டியிருக்கிறான். அதில் வண்டி ஏறுவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு எங்க அம்மா சொன்ன விமர்சனம்: "இதுக்கு நம்ம வீட்டு எருமையே தேவலைடா!"

சரி, இந்த எருமை வேகத்துக்குள் என்ன சூட்சுமம் இருக்கிறது?

டிராக்டர்காரருக்குத் தெரிந்த ரகசியம்

நம் டெல்டா டிராக்டர் டிரைவரிடம் போய்க் கேட்டால் பாதி விஷயத்தை அவரே சொல்லிவிடுவார். சேற்று உழவில் ஒரு பக்கத்துச் சக்கரம் புதைந்து சும்மா சுற்ற ஆரம்பிக்கும். மற்ற சக்கரம் கெட்டித் தரையில் இருந்தும் அசையாது. காரணம், நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடவும் உள்சக்கரம் குறையவும் சுற்றுவதற்காக வைத்த ஏற்பாடு அது. சேற்றில் அதுவே எமன்! எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ, அதற்கே சுற்றலை எல்லாம் தாரை வார்த்துவிடும். உடனே டிரைவர் 'டிஃபரன்ஷியல் லாக்'கை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றி, வண்டி மேலே வரும்.

ராக் கிராலரில் இந்த லாக்கை நிரந்தரமாகவே போட்டுவிடுகிறார்கள். நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும். வளைவில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு திரும்பும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற மூன்றும் வேலையை விடாது.

அடுத்தது மோட்டார். ரேஸ் காரின் மோட்டாரில் கம்பிச் சுற்று குறைவு. பறக்கும். கிராலருக்கு 35 சுற்று, 55 சுற்று என்று அதிகம் சுற்றிய மோட்டார். வேகம் குறையும், இழுப்பு கூடும். அதற்கு மேல் கியர் வேறு. மோட்டார் முப்பது, நாற்பது தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். "மாமா, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் துள்ளக் கூடாது. அரை அங்குலம் நகர்த்துன்னா அரை அங்குலம்தான் நகரணும்" என்றான் பையன். என்னுடைய பழைய ஸ்கூட்டரை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

மூன்றாவது பாரம். மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள் 'முன்பாரம், பின்பாரம்' பார்த்துத்தான் அடுக்குவார்கள். பின்பாரம் அதிகமானால் மேட்டில் ஏறும்போது நுகத்தடி மேலே கிளம்பி மாட்டையே தூக்கிவிடும். கிராலரும் அதே கதைதான். செங்குத்தான கல்லில் ஏறும்போது பின்னால் மல்லாந்துவிடும். ஆகவே பேட்டரியை முன்னால் தள்ளி வைக்கிறார்கள். முன் அச்சில் பித்தளைத் துண்டு மாட்டுகிறார்கள். எடை எல்லாம் கீழே, கொஞ்சம் முன்னே. மேலே இருக்கிற ஜீப் கூடு மட்டும் காகிதக் கனம். பார்க்கத்தான் ஜீப், உள்ளே நடப்பது தராசு வியாபாரம்!

டயரில் காற்று கிடையாது. உள்ளே ஸ்பாஞ்சு. கல்லின் மூக்கை டயர் அப்படியே கவ்விக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கக் கூடாது. ஒரு சக்கரம் கல் மேல் ஏறினால் எதிர்ச் சக்கரம் பள்ளத்துக்குள் கால் நீட்டித் தரையைத் தேட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு திருகை மட்டும் மாற்றி, அதே கல்லில் மறுபடி ஏற்றிப் பார்க்கிறான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியாச்சு, எதனால் கெட்டுப் போச்சு என்று தெரியாதாம். பி.காம். படித்த எனக்கு இது உடனே புரிந்தது. கணக்கு டேலி ஆகாதபோது இரண்டு என்ட்ரியை ஒன்றாகத் திருத்தினால் என்ன கதி ஆகுமோ, அதே கதி!

கடைசியாக பிரேக். சாதாரண ரிமோட் காரில் கையை எடுத்தால் வண்டி உருளும். கிராலரில் கையை எடுத்த அடுத்த கணம் மோட்டாரே பூட்டிக்கொண்டு, சரிவில் அப்படியே நிற்க வேண்டும். நிற்கத் தெரிந்தால்தான் யோசிக்க நேரம் கிடைக்கும்.

இந்தத் தத்துவம் நம்ம பக்கத்து ஊருக்குப் புதுசு இல்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம், சுமார் 300 டன் என்பார்கள். இழுக்க ஆயிரம் கை உண்டு. ஆனால் தேரை நிறுத்துவதும் திருப்புவதும்? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான். திருச்சி பெல் நிறுவனத்து இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு இல்லை. அரசியல்வாதிகள் அந்த வார்த்தையைக் கெட்ட வார்த்தையாக ஆக்கிவிட்டார்கள். தேரடியில் அது உயிர் காக்கும் சாமான்.

கை வைத்தால் அவுட்!

கிராலர் போட்டியில் ஒரு சட்டம். வழியில் 'கேட்' நட்டிருப்பார்கள். அதில் இடித்தால் அபராதப் புள்ளி. வண்டியைப் பின்னால் எடுத்தால் புள்ளி. வண்டி மாட்டிக்கொண்டது என்று கையால் தூக்கி வைத்தால் பெரிய புள்ளி. குறைந்த புள்ளி வாங்கினவர் ஜெயித்தார். ஆக, இந்த விளையாட்டின் சாரமே 'கை வைக்காமல் கடப்பது'தான்.

"கொல்லையில யார் பார்க்கப் போறா? தூக்கி வச்சிட்டுப் போடா!" என்றேன் பையனிடம்.

"நிலாவுல விழுந்தா யாரு மாமா போய்த் தூக்கி வைப்பா?" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. உலகத்தின் காஸ்ட்லியான ராக் கிராலர்கள் எல்லாம் பூமியில் ஓடவில்லை!

முதல் ஆள் ரஷ்யாக்காரர். 1970 நவம்பரில் சோவியத் யூனியன் நிலாவில் இறக்கிய 'லூனாகோட்-1'. எட்டுச் சக்கரம், 756 கிலோ. பூமியிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு டி.வி. படத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டியது. பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி. ரேடியோ சிக்னல் போக 1.3 நொடி, திரும்பி வர 1.3 நொடி. நீங்கள் பள்ளத்தைப் பார்த்து 'நில்' என்று சொல்லும்போது வண்டி ஏற்கெனவே பள்ளத்துக்குள் இருக்கலாம். மெதுவாகப் போவது அங்கே சோம்பேறித்தனம் இல்லை சார், உயிர்ப் பிச்சை!

1997 ஜூலையில் அமெரிக்காவின் நாசா, செவ்வாயில் 'சோஜர்னர்' என்ற பத்தரைக் கிலோ வண்டியை விட்டது. ஆறு சக்கரம், நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகம். இதில்தான் 'ராக்கர்-போகி' என்ற கால் அமைப்பு வேற்றுக் கிரகத்துக்கு முதன்முதலாகப் போனது. நாசாவின் ஜே.பி.எல். கூடத்து எஞ்சினீயர் டொனால்டு பிக்லர் 1980-களின் கடைசியில் கண்டுபிடித்த அமைப்பு அது. ஸ்பிரிங்கே கிடையாது! பார்க்கில் குழந்தைகள் ஆடுகிற சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்துக்கு ஒரு குட்டிச் சீசா. அதையும் மூன்றாவது சக்கரத்தையும் சேர்த்து ஒரு பெரிய சீசா. பக்கத்துக்கு ஒன்றாக இப்படி இரண்டு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது தானாகவே தரையை அழுத்தும். சக்கரத்தின் உயரம் இருக்கிற கல்லைக்கூடத் தாண்டிவிடும். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி மாத்திரம், பல்லக்கில் சாமி மாதிரி அலுங்காமல் வரும்.

நாமக்கல் கல்லில் ஒரு நிலா

கால் நன்றாக இருந்தாலும் மண் சதி செய்யும். நாசாவின் 'ஸ்பிரிட்' வண்டியின் கதையைக் கேளுங்கள். 2004-ல் செவ்வாயில் இறங்கியது. 90 நாளுக்கு என்று அனுப்பியது, வருஷக்கணக்கில் உழைத்தது. 2006-ல் முன் சக்கரம் ஒன்று நின்றுபோனது. அதையும் இழுத்துக்கொண்டு நொண்டியபடியே ஓடியது. 2009-ல் மேலே கெட்டியாகத் தெரிந்த ஒரு தரையில் கால் வைக்க, உள்ளே மாவு மாதிரி மணல். நம் ஊர் டிராக்டர் உளையில் இறங்கிய மாதிரி புதைந்தது. கலிபோர்னியாவில் அதே மாதிரி ஒரு மண் தொட்டி கட்டி, அதில் ஜோடி வண்டியைப் புதைத்து, எப்படி மீட்பது என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். மீட்க முடியவில்லை. 2010 மார்ச்சில் கடைசியாகப் பேசிவிட்டு மௌனமாகிவிட்டது.

ஆகவே, எந்த மண்ணில் ஓட வேண்டுமோ அந்த மண்ணில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தாக வேண்டும். இந்தியா நிலாவுக்கு வண்டி அனுப்பத் தீர்மானித்தபோது இஸ்ரோவுக்கும் என் அக்கா மகனுடைய பிரச்னையே வந்தது. கார் இருக்கிறது, கல்லுக்கு எங்கே போவது?

அமெரிக்காவில் செயற்கை நிலா மண் விலைக்குக் கிடைத்தது. கிலோ சுமார் 150 டாலர். நமக்கு வேண்டியது 60, 70 டன்! நான் காமர்ஸ் ஆசாமி, சும்மா இருப்பேனா? 60 டன் என்றால் 60,000 கிலோ. பெருக்கினால் 90 லட்சம் டாலர். மண் வாங்க!

விடை நாமக்கல் மாவட்டத்தில் கிடந்தது. அங்கே சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள். அந்தப் பக்கத்துப் பாறை 'அனார்த்தசைட்' வகை. நிலாவின் வெளுப்பான மேட்டு நிலமும் இதே ஜாதிப் பாறைதான். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறை பாறையைச் சோதித்துக் கொடுத்தது. சேலத்துக் கிரஷர்களில் அதை வேண்டிய நைசுக்கு நொறுக்கினார்கள். பெங்களூரில் இஸ்ரோவின் சோதனைக் கூடத்துக்கு லாரி லாரியாகப் போனது. உதவி செய்த பலர் கூலியே கேட்காததால் செலவு வெகுவாகக் குறைந்தது. இந்த மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டது.

மண் சரி. எடை? நிலாவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு. இங்கே மண்ணில் நன்றாக அழுத்திப் பிடிக்கிற சக்கரம், அங்கே லேசாகிப் போய் வழுக்கலாம். அதற்கு என்ன செய்தார்கள்? வண்டியை ஹீலியம் பலூனில் கட்டிவிட்டார்கள்! திருவிழாவில் குழந்தை கையில் கட்டிவிடுகிற கேஸ் பலூனேதான், கொஞ்சம் பெரிய சைஸில். பலூன் மேலே தூக்க, வண்டி ஆறில் ஒரு பங்கு எடையோடு நாமக்கல் மண்ணில் ஊர்ந்தது. படித்தவுடன் சிரிப்பு வந்தது. அப்புறம் கும்பிடத் தோன்றியது.

100 மீட்டர் ராஜநடை

இத்தனை ஒத்திகை பார்த்தும் முதல் வண்டிக்கு ஓடும் பாக்கியம் இல்லை. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2-ன் 'விக்ரம்' தரை தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தொடர்பு அறுந்து மோதிவிட்டது. உள்ளே இருந்த 'பிரக்யான்' வண்டி ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் போய்ச் சேர்ந்தது.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரர் ப.வீரமுத்துவேல். ரயில்வே டெக்னீஷியனின் மகன். டிப்ளமோ படித்துவிட்டு எஞ்சினீயரிங்குக்குப் போய், அங்கிருந்து டாக்டர் பட்டம் வரை ஏறினவர். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04-க்கு விக்ரம் நிலாவின் தென்பகுதியில் கால் ஊன்றியது. சில மணி நேரத்தில் சரிவுப் பலகை வழியே இரண்டாவது பிரக்யான் இறங்கி வந்தது.

26 கிலோ. ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். அதே ராக்கர்-போகி கால். சூரியப் பலகையில் கிடைக்கிற கரன்ட் வெறும் 50 வாட்ஸ். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன்கூட 75 வாட்ஸ் குடிக்கும்! டயர் ரப்பர் இல்லை. உலோகச் சக்கரத்தில் பற்கள், நடவுக்கு முன் சேறு அடிக்க டிராக்டரில் மாட்டும் கேஜ் வீலுக்குத் தூரத்து உறவு. ஸ்டியரிங்கும் கிடையாது. ஒரு பக்கத்துச் சக்கரங்களை வேகமாகவும் மறு பக்கத்தை மெதுவாகவும் சுற்றினால் வண்டி திரும்பிக்கொள்ளும்.

வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். மணிக்கு 36 மீட்டர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் சுமார் 30 கிலோமீட்டர் என்று வைத்தால், நிற்காமல் போனாலும் ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். நம்ம டவுன் பஸ்ஸைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும்!

அதிலும் ஒரேயடியாக விட்டுவிட மாட்டார்கள். வண்டியின் கேமராப் படம் விக்ரம் வழியாகப் பூமிக்கு வரும். அதை வைத்து மேடு பள்ள வரைபடம் போடுவார்கள். எந்த வழி என்று முடிவெடுத்து உத்தரவு அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 மீட்டர்தான். நகர், நில், பார், யோசி. மறுபடி நகர். கொல்லைச் செங்கல் குவியலில் பையன் செய்கிற அதே காரியம்!

ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டருக்கு முன்னால் ஒரு பள்ளம். குறுக்களவு 4 மீட்டர். 'தாண்டிப் பார்க்கலாமே' என்று யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வரவும் கூடாது. வந்த தடத்திலேயே திரும்பச் சொல்லி உத்தரவு போனது. வேறு வழியில் நடந்தது. போகிற வழியில் நிலா மண்ணில் கந்தகம் இருப்பதை அங்கேயே சோதித்துச் சொன்னது. செப்டம்பர் 2-ம் தேதி, 100 மீட்டருக்குச் சற்று மேல் நடந்த நிலையில் உறங்க வைத்தார்கள். நிலாவின் நீண்ட குளிர் இரவுக்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூடக் கவிழவில்லை. ஒரு தடவைகூடப் புதையவில்லை.

பிரக்யான் பாதை தேடி வட்டமடித்ததைப் படம் பிடித்து வெளியிட்டபோது இஸ்ரோ என்ன சொன்னது தெரியுமா? நிலா முற்றத்தில் குழந்தை விளையாடுகிற மாதிரியும், அம்மா பாசத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியும் இருக்கிறதாம். விளையாட்டு என்ற வார்த்தையை அவர்களே சொல்லிவிட்டார்கள். இனி நாம் யார் மறுக்க?

உங்கள் வீட்டிலும் ஒரு விஞ்ஞானி இருந்தால்...

லீவு நாளில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்து பழைய ரிமோட் காரைக் குடல் உருவுகிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று அதட்டுவதற்கு முன் இரண்டு மூன்று விஷயம்.

ஆரம்பத்திலேயே விலை கூடின ரெடிமேட் கிராலர் வாங்கித் தராதீர்கள். நல்ல கம்பெனிச் சரக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் டூவீலர் விலை சொல்கிறான். சாதாரண வண்டியில் மோட்டாரும் கியரும் டயரும் மாற்றிப் பழகட்டும். லித்தியம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உப்பிப் போன பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். இன்று எதை மாற்றினோம், எந்தக் கல்லில் கவிழ்ந்தது என்று எழுதி வைக்கட்டும். வரவு செலவு நோட்டு மாதிரிதான். ஆனால் இதில் வரவு வைப்பது புத்தி.

பாறை இல்லையே என்ற கவலை வேண்டாம். குளத்துப் படித்துறை இருக்கிறது, களத்துமேடு இருக்கிறது, காளவாய்க் கழிவு இருக்கிறது. இஸ்ரோவே நிலாவுக்குப் போய் மண் அள்ளிவரவில்லை, நாமக்கல்லில் தேடிக்கொண்டது.

கடைசியாக ஒன்று, இது பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. வண்டி கல்லில் மாட்டி ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது உங்கள் கை துறுதுறுக்கும். "இங்கே கொடு, நான் எடுத்து வைக்கிறேன்" என்று குனியத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் எடுப்பதா, பக்கவாட்டில் திருப்புவதா என்று அவனே யோசிக்கட்டும்.

அதற்குள் காபி ஆறிப் போனால் போகட்டும். இந்தக் கார் எங்கேயும் ஓடிவிடாது!